கடை மூடியதும் போனுக்கும் ஓய்வு

வாட்ஸ்அப் பிசினஸில் உங்கள் கடை நேரத்தைக் குறித்துவிட்டு, 'அவே மெசேஜ்' (நாம் இல்லாதபோது தானாகப் போகும் பதில்) அந்த நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வையுங்கள். "கடை மூடியாகிவிட்டது, காலை 10 மணிக்குள் பதில் தருகிறோம்" என்று எழுதினால் போதும். அப்புறம் போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

பதில் எப்போது வரும் என்று தெரிந்தால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். ஆர்டர் ஏதும் வந்திருக்குமோ என்று பாதித் தூக்கத்தில் எழுந்து பார்க்கும் பழக்கமும் நமக்குக் குறையும். தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கு இந்தத் தூக்கம் ரொம்பவே அவசியம். சொன்ன நேரத்தில் பதில் போட்டுவிடுங்கள், அது முக்கியம்.

போனில் இணையம் இல்லாவிட்டால் இந்தத் தானியங்கிப் பதில் போகாது. டேட்டாவை அணைக்காமல் ஒலியை மட்டும் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ், இரவு டாக்சி போன்ற தொழில்களுக்கு இது சரிவராது.