கொழும்பு மழையைப் பார்த்து வன்னியில் மரம் நடலாமா?

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையில் கொழும்பு நிலம் ஊறிக் கிடக்கும் நேரம். அந்த ஈரத்தை நம்பிக் கன்றுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னியில் உள்ள வவுனியாவுக்கும் மன்னாருக்கும் போவதுதான் பெரிய தவறு. மழையைக் கறக்க அங்கே மலை இல்லை. அதே காற்று சமதரையைச் சும்மா கடந்து போகும். கிழக்கிலோ மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மட்டக்களப்பார் கச்சான் என்று சலித்துக்கொள்ளும் காற்று அது.

வன்னி உட்பட்ட வரண்ட வலயக் காட்டுக்கு மாரி ஒக்டோபரில் தொடங்குகிறது. மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்ததும் நடத் தொடங்கி, நவம்பருக்குள் முடித்துவிட வேண்டும். பிந்தினால், பெப்ரவரி வெயிலுக்கு முன் வேர் ஆழம் போய்ச் சேராது. குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். பொலித்தீன் பையை அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே புதைப்பவர்கள் உண்டு. வேர் உள்ளேயே சுருண்டு, ஓரிரு வருடத்தில் கன்று பட்டுப்போகும். பையை முழுதாக உரித்தெடுங்கள். சருகை மூன்று விரல் தடிப்பில், தண்டில் முட்டாமல் பரப்புங்கள்.

கொழும்பு நாற்றுமேடையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் அங்கே உதவாது. மஹோகனி அந்தக் காட்டின் மரமே அல்ல. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவைதான் அங்குள்ளவை. மருது அழகான மரம்தான், ஆனால் ஆற்றங்கரையை விட்டு நடாதீர்கள். வில்பத்து தேசியப் பூங்காவில் மழைநீர் தேங்கும் வில்லுகளைச் சுற்றிய புல்வெளியும் வெற்றிடம் அல்ல. மரம் வைத்து நிரப்ப வேண்டியதில்லை.

பருவமழைக் காடு என்றால் கோடையில் எல்லாம் இலையுதிர்க்கும் என்பது இந்தியப் பாடநூல்களிலிருந்து வந்த எண்ணம். இலங்கையில் வரண்ட காட்டின் பெரும்பகுதி பசுமை மாறாதது. பாலையும் வீரையும் இலையோடு நிற்கும், முதிரை உதிர்க்கும். முதிரை மொட்டையாக நின்றால் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். கடும் வெயிலில்தான் பாலைப்பழம் பழுக்கிறது. கரடிகள் மரமேறுவதும் அப்போதுதான்.

‘வரண்ட’ என்ற பெயரும் பலரை ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு 1,750 மி.மீ.க்குக் குறைவு என்பதே அதன் எல்லை, பாலைவனம் என்பதல்ல. மழையின் மொத்தத் தொகையைவிட அது எந்த மாதங்களில் விழுகிறது என்பதே கன்றுக்கு முக்கியம். கொழும்பிலும் ஜனவரி, பெப்ரவரி மழை குறைந்த மாதங்கள்தான். ஆனால் மார்ச்சிலேயே பிற்பகல் இடிமழை வந்துவிடும். வன்னியில் ஜூனில் நட்ட கன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க முடியாதவர்கள் சுற்றாடல் தினத்தில் விதை சேகரித்து நாற்றுப் போடலாம். நடுவதை ஒக்டோபருக்கு விடுங்கள்.