நெத்திப்பொட்டுல துடிக்கிற கட்டி: எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க

புதுசா வர்ற பிஜி டாக்டர் பசங்க, நாங்க அந்தக் காலத்துல பண்ணின கோளாறையெல்லாம் வரிசை மாறாம பண்றாங்க. துடிக்கிற கட்டியை சீழ்க்கட்டின்னு கீறக்கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுருவோம்.

"எங்கயோ இடிச்சிருப்பீங்க"

காதுக்கு முன்னாடி ஏறி நெத்திப்பக்கம் போற டெம்பொரல் ஆர்ட்டரிங்கற ரத்தக்குழாய்ல வர்ற அனியூரிசம், அதாவது குழாய் உப்பி நிக்கிற கட்டி, பெரும்பாலும் அடிபட்டுத்தான் வருது, பந்து பட்டு சில வாரம் கழிச்சு தலைகாட்டும். சரி. ஆனா அடியே படலன்னு ஆளு சொல்றப்ப நீங்களா ஒரு அடியை கற்பனை பண்ணி கேஸ்ஷீட்ல எழுதாதீங்க. வாஸ்குலைட்டிஸ்ல, அதாவது ரத்தக்குழாய் அழற்சில, குழாய்ச் சுவரே நைஞ்சு உப்பியிருக்கலாம்.

எடுத்த துண்டை பயாப்ஸிக்கு அனுப்பாம விடறது

இதை நினைச்சா இன்னைக்கும் எரிச்சலா வருது. 70ஐ தாண்டின ஒரு அம்மா, வேற எங்கயோ கட்டியை எடுத்துட்டு வந்தாங்க, தையல் அழகா ஆறியிருக்கு, பயாப்ஸி ரிப்போர்ட் எங்கம்மான்னா அப்படி எதுவும் குடுக்கலையே தம்பிங்கறாங்க. தலை சீவினா மண்டைத்தோல் வலிக்குது, தோசை மென்னா தாடை கடுக்குது, நிறுத்தினா சரியாகுதுன்னு மாசக்கணக்கா சொல்லிட்டு இருந்திருக்காங்க, அதுக்கு ஒரு பல்லையும் பிடுங்கியாச்சு, ஆனா கட்டியை எடுத்தவங்க யாரும் கேக்கவே இல்ல, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர் சிஆர்பி ரத்தப் பரிசோதனை கூட பாக்கல. எங்ககிட்ட வந்ததே ஒரு கண்ணு திடீர்னு இருட்டிப் போனதாலதான். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ், வயசானவங்களுக்கு வர்ற ரத்தக்குழாய் அழற்சி. உடனே மெத்தில்பிரட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டை ஏத்தி இன்னொரு கண்ணை காப்பாத்தினோம், போன பார்வை போனதுதான். அந்தத் துண்டு ஃபார்மலின் பாட்டில்ல லேபுக்குப் போயிருந்தா வியாதி அன்னைக்கே மாட்டியிருக்கும், அதைப் போய் குப்பைல போட்டிருக்காங்க!

ரிப்போர்ட் வரட்டும்னு ஸ்டீராய்டை தள்ளிப் போடறது

இது அதுக்கு நேர்மாறு. வயசு 50க்கு மேல, புது தலைவலி, தாடை வலி, ஈஎஸ்ஆர் எகிறியிருக்கு, அப்ப அன்னைக்கே பிரட்னிசலோன் 40லேர்ந்து 60 மில்லிகிராம் ஆரம்பிச்சுடுங்க. பார்வைல ஏதாவது கோளாறுன்னா மாத்திரையோட நிக்காம ஊசியா ரத்தக்குழாய் வழியா ஏத்தணும். ஸ்டீராய்டு குடுத்து ரெண்டு வாரம் ஆனாலும் பயாப்ஸில அழற்சி தெரியும். அந்த வியாதில அழற்சி விட்டு விட்டு இருக்கும்ங்கறதால துண்டு 1 சென்டிமீட்டருக்காவது இருக்கட்டும், நகக்கண் அளவு அனுப்பிட்டு பாத்தாலஜிஸ்ட்ட குறை சொல்லாதீங்க.

சின்ன வயசுக்காரங்களுக்கும் அதே ஸ்டீராய்டு

வேணாம், அவசரப்படாதீங்க. ஜுவனைல் டெம்பொரல் ஆர்ட்டரைட்டிஸ்னு ஒண்ணு இருக்கு, ஈஎஸ்ஆர் பெரும்பாலும் நார்மலாவே இருக்கும், கட்டியை எடுத்தாலே பொதுவா போதும்.

பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா

இது இன்னொரு ரத்தக்குழாய் அழற்சி, இதுவும் டெம்பொரல் ஆர்ட்டரியை பிடிக்கும். பிபி, கிட்னி, ஹெபடைட்டிஸ் பி. மூணையும் பாருங்க.

டாப்ளர்

ரத்த ஓட்டத்தை காட்டுற ஸ்கேன், கத்திக்கு முன்னாடி பண்ணிடுங்க.

நரம்பு

புருவத்தை தூக்குற நரம்பு பக்கத்துலயே ஓடுது, பாத்து.