ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளில் செய்யக்கூடாதவை, முக்கியமாக அந்த லாக்ரிங் விவகாரம்

கியர் மாற்றும் சமாச்சாரம் எதுவும் கிடையாது, மொத்தமே ஒரு செயின், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் பலரும் சிங்கிள் ஸ்பீடு பக்கம் வருகிறார்கள். விஷயம் நேர்மாறு. கியர் சைக்கிளில் பின்னால் தொங்கும் டீரெய்லரின் ஸ்பிரிங் செயினின் தொய்வையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், செயின் கொஞ்சம் கோணலாக ஓடினாலும் சமாளித்துவிடும். இங்கே சமாளிக்க ஆள் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே செயின் உறும ஆரம்பித்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதே நாலைந்து இடத்தில்தான் இடறுகிறார்கள். நாங்கள் ஆரம்பித்தபோதும் இதேதான், என்ன, அப்போது சொல்ல ஆள் இல்லை. காற்றடிக்க மறப்பது, எண்ணெய் போடாமல் ஓட்டுவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: ஃப்ரீவீல் போட்ட சிங்கிள் ஸ்பீடில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளலாம், ஃபிக்ஸ்டில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கீழே வரும் பாதித் தொல்லைக்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

பார்த்த படத்தில் இருந்த பல் எண்ணிக்கையை அப்படியே போடுவது

முன்னால் 48, பின்னால் 16. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று, 700சி சக்கரத்தில் (ரோடு சைக்கிள்களின் வழக்கமான சக்கர அளவு) கிட்டத்தட்ட 6.3 மீட்டர். வேகம் பிடித்த பிறகு சுகம்தான், ஆனால் நின்று நின்று கிளம்பும் சாலையிலும் மேட்டிலும் முட்டி கெஞ்சும். சாதாரண சாலைக்கு விகிதம் 2.6 முதல் 2.8 வரை போதும்: 44-க்கு 16 போட்டால் 2.75, 46-க்கு 17 போட்டால் 2.7.

பின்சக்கரத்தைக் காலால் பூட்டி வழுக்கி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கால் எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் பூட்டும், ஆகவே டயர் எங்கே தேயும் என்பதைப் பல் எண்ணிக்கையே முடிவு செய்துவிடுகிறது. 48/16-ஐச் சுருக்கினால் 3/1. கீழே இருக்கும் எண் 1, அதாவது எப்போதும் அதே காலை முன்னால் வைத்துப் பூட்டினால் டயர் ஒரே இடத்தில்தான் தேயும். 46/17 சுருங்காது, தேய்மானம் 17 இடங்களில் பரவும். ஓரிடத்தில் மட்டும் நூல் தெரிய, மற்ற இடமெல்லாம் புத்தம்புதிதாக இருக்கும் டயரைக் கொண்டுவந்து "இந்த டயரே சரியில்லை" என்பவர்களை முதலில் பல்லை எண்ணச் சொல்வேன்.

செயின் அகலம்

1/8 அங்குலச் செயின் 3/32 பல்லில் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லில் உட்காராது. அவ்வளவுதான்.

செயின்லைனைக் கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்பது

செயின்லைன் என்றால் செயின் ஓடும் கோடு, முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கண் ஏமாற்றும். ஸ்கேல் எடுங்கள். முன்னால், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங்கின் (முன் பல்சக்கரம்) பல் வரை எவ்வளவு? பின்னால், ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) வெளி நட்டு ஃப்ரேமைத் தொடும் முகத்திலிருந்து காக்கின் (பின் பல்சக்கரம்) பல் வரை எவ்வளவு என்று பார்த்து, அதை ஹப் அகலத்தின் பாதியிலிருந்து கழியுங்கள். 120 மி.மீ. டிராக் ஹப்பில் (பந்தயத் தட சைக்கிளுக்கான ஹப்) பாதி 60, உள்ளே 18 என்றால் 42. டிராக் பாகங்களுக்கு வழக்கமான அளவும் இந்த 42-தான். முன்னும் பின்னும் ஒரு மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நிம்மதி.

ஒத்துப்போகாவிட்டால் ஃபிக்ஸ்டில் பின்னால் செய்ய ஒன்றுமில்லை. காக்கின் உள்பக்கம் வாஷர் கொடுத்துத் தள்ளினால் அது பிடிக்க வேண்டிய மரை அந்த அளவுக்குக் குறையும், எனவே திருத்தத்தை முன்னால்தான் செய்ய வேண்டும். பழைய இரட்டைப் பல்சக்கர ரோடு கிராங்கை (பெடல் மாட்டும் தண்டு) மாட்டுகிறவர்கள், செயின்ரிங்கை வெளிப்பக்கம் விட்டு உள்பக்கம் போட்டுப் பார்க்கலாம், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும் (ஒற்றைப் பல்சக்கரத்துக்கு உரிய குட்டை போல்ட் வேண்டும்). இல்லையென்றால் பாட்டம் பிராக்கெட், அதாவது ஃப்ரேமின் அடியில் கிராங்க் சுழலும் இடம், அதன் ஆக்ஸிலின் நீளத்தை மாற்ற வேண்டும். சதுர முனை ஆக்ஸில் வாங்கும்போது ஜப்பானிய அளவான ஜே.ஐ.எஸ்.ஸா சர்வதேச அளவான ஐ.எஸ்.ஓ.வா என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். ஆக்ஸிலில் ஏற்றினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், நீங்கள் போட்ட கணக்கெல்லாம் வீண்.

காக், லாக்ரிங், ஹப் மரை

சரி, இத்தனை வருஷமாகியும் எனக்கு எரிச்சல் தீராத இடம் இது.

ஃபிக்ஸ்டு ஹப்பின் வலப்பக்கம் மரை இரண்டு படியாக வெட்டியிருக்கும். உள்படி பெரியது, அதில் காக் வழக்கம்போல் வலமாகச் சுற்றி ஏறும். வெளிப்படி கொஞ்சம் சிறியது, அதில் காக்கைப் பூட்டும் வளையமான லாக்ரிங் இடமாகச் சுற்றி ஏறும். முன்னோக்கி மிதிக்கும்போது செயின் காக்கை இறுக்கிக்கொண்டே இருக்கும். காலால் தடுத்து வேகத்தைக் குறைக்கும்போது காக் கழலப் பார்க்கும், பக்கத்தில் ஒட்டி இருக்கும் லாக்ரிங்கையும் தன்னோடு இழுக்கும், ஆனால் அது இழுக்கும் திசை லாக்ரிங் இறுகும் திசை. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காக் முதலில் ஹப்பின் தோளில் முட்டி, அசைய வழியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காக்கைப் பிடித்து வைப்பது அந்த இறுக்கம். லாக்ரிங் அதற்கு மேல் ஒரு காவல் மட்டுமே.

நடப்பது என்னவென்றால், காக்கைக் கையால் சுற்றி, இனி சுற்றவில்லை என்றதும் "டைட் ஆயிடுச்சு" என்று முடிவு செய்து, லாக்ரிங்கை ஏற்றி, அதற்குரிய கொக்கி ஸ்பேனர் இல்லாததால் அதன் வெட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, உடனே வெளியே கிளம்பி, முதல் சந்திலேயே சக்கரத்தைப் பூட்டி வழுக்கிக் காட்டுகிறார்கள். அந்த முதல் தடுப்பில் காக் முடியளவு பின்னால் வருகிறது. அடுத்த மிதியில் முன்னால் போகிறது. அப்புறம் ஒவ்வொரு தடுப்புக்கும் மிதிக்கும் இந்த ஆட்டம்தான். காக் இரும்பு, ஹப் அலுமினியம், யார் தேய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. லாக்ரிங் பிடித்திருப்பதோ சில சுற்று மரையை, அதுவும் மெல்லியது. ஒரு நாள் மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடும், அதுவும் நீங்கள் நிறுத்த வேண்டிய அவசரத்தில்தான் வரும், ஏனென்றால் அதிகபட்ச விசை அதன்மேல் விழுவதே அப்போதுதான்.

ஒரு தம்பி சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, செயின் தானா லூஸ் ஆவுது, மறுபடி டைட் ஆவுது. புதுச் செயின் போட்டும் அப்படியே இருக்கு." புதுச் செயின் மட்டுமல்ல, புதுக் காக்கும் போட்டிருந்தார். லாக்ரிங்கின் வெட்டுகள் எல்லாம் மழுங்கி, ஓரம் உதடு பிதுங்கியதுபோல் வெளியே தள்ளியிருந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காக்கை முன்னும் பின்னும் திருப்பினேன், டிக், டிக் என்று இரண்டு பக்கமும் முட்டியது. லாக்ரிங்கைக் கழற்றத் தேவையே இருக்கவில்லை, விரலால் இழுத்தேன், வந்துவிட்டது, கூடவே அதன் உள்பக்கம் பளபளவென்று மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று. அதுதான் ஹப்பின் மரை. "மரை ஒட்டும் பசை போட்டா நிக்குமாண்ணா?" நிற்காது. பசைக்குப் பிடிக்க மரை வேண்டும். புது ஹப் வாங்கினால் பழைய ஸ்போக் நீளம் பொருந்தும் என்று சொல்ல முடியாது, பிறகு ஸ்போக் எல்லாம் புதிதாகப் பின்ன வேண்டும், கூலி வேறு. கணக்குப் பார்த்தால் முழுச் சக்கரமே வாங்குவது மேல். ஒரு கொக்கி ஸ்பேனர் வாங்க மனம் வராதவர் கடைசியில் சக்கரத்தையே வாங்கினார்.

சரியான வழி இதைவிட ஒன்றும் பெரிய வேலை இல்லை. மரையைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள், ஹப்பிலும் காக்கிலும். காக்கைக் கையால் ஏற்றும்போது நெறுநெறுவென்று தட்டினால் மரை ஏறுமாறாகப் பிடிக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கை நின்ற பிறகு செயின் விப், அதாவது இரும்புப் பட்டையில் செயின் துண்டு கோத்த கருவி, அதை வைத்து உடல் பலத்தைப் போட்டு முடுக்குங்கள். லாக்ரிங்கை அளவாக ஏற்றி, சக்கரத்தை மாட்டி, ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள், காலால் தடுக்காமல், வேகத்தைக் கைப் பிரேக்கால் மட்டும் குறைத்தபடி. கையால் எவ்வளவு முடுக்கினாலும் மேட்டில் உங்கள் எடை முடுக்குவதுபோல் வராது, காக் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும். திரும்பி வந்து லாக்ரிங்கைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருக்கும். இப்போது கொக்கி ஸ்பேனரால், இடப்பக்கமாக, நன்றாக முடுக்குங்கள். சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

செயின் விப் இல்லாதவர்கள் செயினை பாட்டம் பிராக்கெட் குழாயில் சுற்றிக் காக்கில் மாட்டி, சக்கரத்தையே நெம்புகோலாக்கிப் பின்னோக்கி உருட்டி இறுக்குவார்கள். நன்றாகவே இறுகும், ஆனால் குழாய்க்குக் கெட்டியான துணி சுற்றாமல் செய்தால் பெயின்ட் போகும், மெல்லிய குழாயோ கார்பன் ஃப்ரேமோ என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லாக்ரிங்கிலும் அளவு உண்டு. பெரும்பாலான ஹப்புக்கு 1.29 அங்குலம், காம்பாக்னோலோ டிராக் ஹப்புக்கு 1.32. பெரியதைச் சிறியதில் போட்டால் லொடலொடவென்று ஏறும், "சுலபமா ஏறுதே" என்று சந்தோஷப்படுவார்கள். சுலபமாக ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிட மோசம், ஃப்ரீவீல் ஹப்பில் ஃபிக்ஸ்டு காக்கை ஏற்றுவது. ஏறும், மரை ஒன்றுதான். ஆனால் அந்த ஹப்பில் இரண்டாவது படியே கிடையாது. பாட்டம் பிராக்கெட்டின் லாக்ரிங்கை எடுத்து மேலே போடுவார்கள், அதுவும் வலமரை, காக் கழலும்போது அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு கழலும். ஓட்டுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் தற்கொலை ஹப். பழைய சக்கரம் வாங்கும்போது காக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மரையில் படி தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

செயினை வீணைத் தந்தியாக்குவது

தொய்வாக இருந்தால் கழன்று விழும் என்ற பயத்தில் தட்டினால் நாதம் வரும் அளவுக்கு இழுத்து வைக்கிறார்கள். பேரிங்குக்குக் கேடு, காலுக்குக் கனம். நடுவில் விரலால் அழுத்தினால் மொத்தம் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்: செயின்ரிங் முழு வட்டமாக உட்காருவது அபூர்வம், அதனால் பெடலை மெல்லச் சுற்றி, செயின் அதிகம் விறைக்கும் நிலையைக் கண்டுபிடித்து அங்கே பாருங்கள். விறைப்புக்கும் தொய்வுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் செயின்ரிங் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, விறைக்கும் நிலையில் செயினின் மேல் லேசாகத் தட்டி, மறுபடி முடுக்குங்கள். ரிங் தானாக நடுவுக்கு நகரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பின்காக்கில் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ ஆக்ஸில் சுமார் 3 மி.மீ. நகரும். டிராப்அவுட்டில் (ஆக்ஸில் உட்காரும் ஃப்ரேம் வெட்டு) அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காக்கை வாங்குங்கள்.

ஃபிக்ஸ்டில் செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனர்

வேண்டாம். காலால் தடுக்கும்போது முழு இழுப்பும் கீழ்ச் செயினில் வரும், டென்ஷனர் வளையும் அல்லது உடையும். ஃப்ரீவீலுக்கு மட்டும்.

முன் பிரேக்கைக் கழற்றுவது

பார்க்க அழகாக இருக்கிறதாம். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தைக் காலால் பூட்டினால் அது வழுக்கும், சைக்கிள் போய்க்கொண்டேதான் இருக்கும். செயின் கழன்றால் அந்தக் கால் பிரேக்கும் போயிற்று. முன் பிரேக் இருக்கட்டும், பெடலில் காலைப் பிடிக்கும் பட்டையும் இருக்கட்டும்.

சுற்றும் செயினைத் துணியால் துடைப்பது

ஃபிக்ஸ்டில் சக்கரம் நிற்காது. துணி போகும், விரலும் கூடப் போகும். சக்கரத்தை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள்.

சத்தம் வந்ததும் பாட்டம் பிராக்கெட்டைப் பிரிப்பது

முதலில் எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கட் என்றால் பெடல், கிராங்க், செயின்ரிங் போல்ட், கடைசியாகத்தான் பாட்டம் பிராக்கெட். பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டே முக்கால் தரம்போல் வந்தால் அது சக்கரத்தின் சத்தம்: ஸ்போக், ஹப், ஆக்ஸில் நட்டு. பெடல் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஆகும்போது ஒரு தரம் வந்தால், 46 பல்லுக்குச் சுமார் 100 கண்ணி செயின் என்று கணக்குப் போடுங்கள், முழுச் செயின் ஒருமுறை சுற்றி வர ஆகும் நேரம் அது. எங்கோ ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, கையால் பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் காக்கை விட்டு வெளியே வரும்போது அந்தக் கண்ணி நேராகாமல் துருத்திக்கொண்டு வருவது தெரியும். இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்து விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும்.