தீமை ஓங்கும்போது வாக்குத்தத்தத்தை எப்படிப் பிடித்துக்கொள்ளக் கூடாது

அநியாயம் செய்தவன் நன்றாக இருக்கிறான், ஜெபித்தவன் நொந்து கிடக்கிறான். இதைப் பார்க்கும்போது பலருக்கும் விசுவாசம் ஆட்டம் காண்கிறது. தேவன் சொல்லாததையெல்லாம் அவர் கொடுத்த வாக்குத்தத்தத்தோடு (வாக்குறுதியோடு) நாமே சேர்த்துக்கொள்வதும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

முக்கியமாக, தேதி. எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருப்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிவரும் நாளைப் பார்த்திருக்க முடியாது.

அதே புத்தகத்தின் 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி வேறு கணக்குச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். எரேமியாவும் முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுதான் சொன்னார். அவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல. அனனியா அந்த வருஷமே செத்துப்போனான். ‘இந்த மாதத்துக்குள் உன் எதிரி விழுவான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், கேட்க இதமாக இருக்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிட வேண்டாம்.

தேதியைப் போலவே, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். எபிரெயர் 11-இல் பட்டயத்துக்குத் தப்பினவர்களும் இருக்கிறார்கள், மூன்று வசனம் தள்ளிப் பட்டயத்தால் வெட்டுண்டு செத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் விசுவாசிகள்தான்.

கேள்வி கேட்டால் அவிசுவாசம் என்று வாயை மூடிக்கொள்வது இன்னொரு தவறு. ‘நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்’ என்று ஆபகூக் தீர்க்கதரிசி தேவனிடமே கேட்டார். நான் சுத்தமாக வாழ்ந்ததெல்லாம் வீண்தானா என்கிற அளவுக்கு 73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் போய்விடுகிறார். இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறது. தேவனிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்காமல், ஊரெல்லாம் புலம்பித் திரிவதில்தான் ஆபத்து.

அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்வது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் கொடுமையானது. எல்லாவற்றையும் இழந்து நொந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் வந்தது வினை. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டதும் அவர்கள்மேல்தான். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 உண்மைதான். அதற்காகச் சாவு வீட்டில் முதல் வார்த்தையாக அதையா எடுத்து நீட்டுவது?

அப்புறம், ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது. பழிவாங்குவதை அவரிடம் விட்டுவிடத்தான் வேண்டும். அதற்காக, அடிக்கிறவனைப் பற்றிப் புகார் கொடுப்பதோ, ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறுவதோ அவிசுவாசம் ஆகிவிடாது. அப்போஸ்தலர் 23-ஐ எடுத்துப் பாருங்கள். நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்று எருசலேமில் கோட்டைக் காவலில் இருந்த பவுலின் அருகே கர்த்தரே இராத்திரியில் நின்று சொல்கிறார். விடிந்ததும் 40 பேருக்கு மேல், பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை என்று சபதம் எடுக்கிறார்கள். பவுலின் சகோதரி மகன் விஷயம் தெரிந்து கோட்டைக்குள் வந்து சொல்கிறான். வாக்குத்தத்தம்தான் கையில் இருக்கிறதே என்று பவுல் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கு அதிபதி ஒருவனைக் கூப்பிட்டு, இந்த வாலிபனைச் சேனாபதியிடம் கொண்டுபோ என்றார். அந்த இரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு அவரை அனுப்பிவைத்தார்கள். ரோமாவுக்குப் போய்ச்சேர அதன்பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் இரண்டு வருஷம் செசரியாவில் காவலிலேயே கழிந்தது.