தேன்சிட்டைப் படமெடுக்க ஒரு செம்பருத்திச் செடி போதும்

பினாங்கில் காலை ஏழரைக்குத்தான் வெளிச்சம் சரியாக வரும். அதிலிருந்து ஒன்பது மணிவரை வாசல் செம்பருத்தியை விட்டு நகராதீர்கள். தேன்சிட்டு பெரும்பாலும் பூவின் வாய்ப்பக்கம் வராது. காம்பை ஒட்டிய அடிப்பகுதியில் அலகால் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சும். அதனால் கேமராவைப் பூவுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும், ஃபோகஸ் சிட்டின் கண்ணில் இருக்கட்டும். ஆணுக்குத் தொண்டை கருநீலமாக மின்னும். பெண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். எனக்குப் பெண் சிட்டைத்தான் ரொம்பப் பிடிக்கும், பச்சை இலை நடுவே அந்த மஞ்சள் அவ்வளவு அழகு.

வீட்டில் செடி இல்லையா? சரி, தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1884இல் தொடங்கிய இடம். அங்கே மீன்கொத்தியையும் எடுக்கலாம், அது ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அப்புறம், குரங்குகள் அதிகம், பையில் தின்பண்டம் வேண்டாம்.

கூடு கண்ணில் பட்டால் மட்டும் தயவுசெய்து கேமராவை இறக்கிவிடுங்கள். படத்துக்காக இலையை விலக்கினால் குஞ்சுகள் மேல் வெயில் விழும், காக்கைக்கும் கூடு தெரிந்துவிடும்.