தவக்காலத்தில் பிடி அரிசி: எடுப்பது, காப்பது, கொடுப்பது

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் எதை விடப்போகிறோம் என்று பேசுகிறோம். விட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது குறைவு. நோன்பில் மிச்சமாவது ஏழையின் உணவாக வேண்டும் என்று 5ஆம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை புனித பெரிய லியோ தம் மறையுரைகளில் வற்புறுத்தினார். அதை அடுப்படியில் செய்துகாட்டும் வழக்கம்தான் பிடி அரிசி: உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் இல்லாதவருக்கென்று ஒரு கைப்பிடி. முதல்முறையாகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் குறிப்பு.

தொடங்கும் முன்

2027-ல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மார்ச் 28. இடையில் 46 நாள். ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 என்கிறோம். ஞாயிறன்றும் அடுப்பு எரிகிறது, அன்றைக்கும் எடுங்கள்.

பெரியவர் ஒருவரின் கைப்பிடியில் சுமார் 40 கிராம் அரிசி நிற்கும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஒருவேளை உலை வைக்கும் வீட்டில் 46 நாளில் 1.8 கிலோ சேரும். இருவேளை என்றால் 3.6 கிலோவுக்கு மேல். 5 லிட்டர் பிடிக்கும், இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்று போதும். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரிசி டிரம்மை ஒட்டி வையுங்கள். மாதா படத்துக்கு முன்னால் வைக்கத்தான் மனம் வரும். ஆனால் அரிசி அளக்கும் இடத்தில் கண்ணில் படாத டப்பா இரண்டாம் வாரமே மறந்துபோகும்.

எடுக்கும் முறை

1. எப்போதும் போடும் அளவு முழுவதையும் டம்ளரால் அளந்து பாத்திரத்தில் போடுங்கள்.

2. களைவதற்கு முன், ஈரமில்லாத கையால், அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள்.

3. டப்பாவில் போடும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பசித்திருப்பவராக இருக்கலாம். பேச்சுவார்த்தை நின்றுபோன ஓரகத்தியாகவும் இருக்கலாம். ஒரு பெயர், ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம், அவ்வளவே.

4. தண்ணீரைக் குறையுங்கள். ஒரு பிடி என்பது 200 மில்லி டம்ளரில் ஏறக்குறையக் கால் பங்கு. ஒன்றுக்கு மூன்று வைப்பவர்கள் முக்கால் டம்ளர் தண்ணீர் குறைக்க வேண்டும். மறந்தால் சோறு குழைந்துவிடும்.

இரண்டாவது படியில்தான் பெரும்பாலோர் வழி மாறுகிறார்கள். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, பானையில் வழக்கமான அளவையே வைக்கிறார்கள். அதுவும் நல்ல தர்மம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் யாருடைய தட்டும் குறையவில்லை. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் போடும் வீட்டில் ஒரு பிடி எடுத்தால் அரைக்கால் பங்கு போய்விடும். சாப்பிட உட்காரும்போது அது தெரியும். தெரிய வேண்டும்.

அங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் பெரும்பாலும் அம்மா. மற்றவர்கள் வழக்கம்போல் வயிறாரச் சாப்பிட்டால் அந்த ஒரு பிடி முழுக்க அவர் தட்டிலிருந்துதான் கழியும். குடும்பத்தின் தவம் ஒருத்தியின் பட்டினியாக முடியும். இதற்கு மருந்து எளிது: தவக்காலம் முழுக்க எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள், சோற்றை முதலிலேயே பங்கிடுங்கள், அம்மாவின் தட்டில் முதலில் போடுங்கள். பிடி அரிசி வீட்டுக்குள் செய்யும் பெரிய வேலை இதுதான்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பங்கைக் குறைக்க வேண்டாம். நாளில் ஒரே ஒரு முழு உணவு என்னும் ஒருசந்திக் கடமையைக்கூடத் திருச்சபை 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கே வைத்திருக்கிறது, நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் அள்ளிப் போடும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். பிஞ்சுக் கையில் பாதிதான் வரும், பரவாயில்லை.

எடுக்க மறந்த நாளுக்கு மறுநாள் இரண்டு பிடி போட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை. அன்றைய பிடியை அன்று எடுங்கள். ஒருசந்தி நாளான பெரிய வெள்ளியன்று மட்டும் கணக்கு வேறு: கஞ்சியோடு நிறுத்துபவர்கள், வழக்கமாகப் பொங்கும் அரிசியில் மிஞ்சியது முழுவதையும் கொடுத்துவிடுங்கள்.

கெட்டுப்போவது எதனால்

வண்டுதான் முதல் எதிரி. அரிசி வண்டு முட்டையை மணிக்குள்ளேயே இடும். நம் வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிவரும். 46 நாள் சும்மா வைத்திருந்தால் பாஸ்கா (ஈஸ்டர்) நேரத்தில் டப்பா நெளியும். ஐந்தாறு காய்ந்த மிளகாயோ, ஒரு துண்டு வசம்போ போட்டு வைப்பது ஓரளவு தடுக்கும். அதைவிட நல்லது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு டப்பாவைத் துடைத்துக் காயவைப்பது. ஈரக்கையால் எடுத்தால் பூசணம் பிடித்து வாடை அடிக்கும்.

அரிசியைக் கலக்காதீர்கள். பச்சரிசியும் புழுங்கலும் ஒரே நேரத்தில் வேகாது. ஒன்று குழையும்போது மற்றது விதையாக நிற்கும். பிரியாணிக்குப் பாசுமதி போடும் நாளில் அதைப் பொட்டலமாகத் தனியே கட்டி வையுங்கள்.

வீட்டில் பொன்னி சாப்பிட்டுவிட்டு டப்பாவில் ரேஷன் அரிசியைப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நாம் உண்பதைப் பகிர்வதுதான் பிடி அரிசி. நீங்களும் ரேஷன் அரிசிதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையே நிமிர்ந்து கொடுங்கள், ஒரு குறையுமில்லை.

கொடுக்கும்போது

பல கோவில் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைக் குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். யாருக்குத் தேவை என்று அவர்களிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு அரிசி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது, அவர்களுக்குக் குறைவது பருப்பும் எண்ணெயும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, சேர்ந்த அரிசியை நீங்களே வைத்துக்கொண்டு அதன் விலைக்குத் துவரம்பருப்பு வாங்கிக் கொடுங்கள். கிலோ 60 ரூபாய் அரிசி 3 கிலோ என்றால் 180 ரூபாய். அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்கும், கடைக்குப் போக முடியாமல் தனியே இருக்கும் பெரியவருக்கும் அரிசியாகவே கொடுக்கலாம். சமைக்கத் தெம்பில்லாதவர் என்றால் சோறாக்கிக் குழம்போடு கொண்டுபோங்கள்.

விடுதியில் இருப்பவர்கள், கடையில் சாப்பிடுபவர்கள் தினம் ஒரு டீயையோ வடையையோ விட்டு, அந்தக் காசை உண்டியலில் போடலாம்.

திருநீற்றுப் புதனன்று வாசிக்கும் நற்செய்தி, வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்கிறது. ஆகவே படம் எடுக்காதீர்கள், பையில் பெயர் எழுதாதீர்கள். தெருவில் வைத்து நீட்டாமல் வீட்டுக்குள் போங்கள். வயதானவரைத் தூக்கவிடாமல் அவர் பாத்திரத்தில் நீங்களே கொட்டிக் கொடுங்கள். தண்ணீரோ காப்பியோ தந்தால் மறுக்காமல் வாங்கிக் குடித்துக் கால்மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். கிளம்பும்முன் "வேற என்னம்மா வேணும்?" என்று கேளுங்கள். மாத்திரை வாங்க ஆளில்லை, பல்பு எரியவில்லை என்று ஏதாவது சொல்வார்கள். அதை அந்த வாரத்துக்குள் முடித்துக் கொடுங்கள்.

கடைசித் தவணையைப் பெரிய சனிக்கிழமை காலைக்குள் சேர்த்துவிடுங்கள், பாஸ்காவுக்கு அந்த வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே.