தோட்டப்புற வெக்கையில் நல்ல சுருட்டைக் காப்பது

கியூபா, நிக்கராகுவா, டொமினிக்கன் குடியரசு என்று எங்கிருந்து வந்தாலும், உயர்தரச் சுருட்டைப் பாதுகாக்கச் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீட்டுக்கானவை. அங்கே ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு கிடக்கும், அதனால் சுருட்டுக்கு ஈரம் ஊட்டுவார்கள். நம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் நிலைமை தலைகீழ். பகலில் 33 டிகிரி சூடு. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம். இங்கே நம் வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவதும் சூட்டைத் தணிப்பதும்தான். தண்ணீரில் நனைத்த பஞ்சையோ ஈரமூட்டும் ஜெல்லையோ பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம்.

பளபளக்கும் மரப்பெட்டியை வாங்கவும் அவசரப்படாதீர்கள். அதன் மூடி இடுக்கில் காற்று மெல்லப் புகுந்துகொண்டே இருக்கும். நம் ஊர்க் காற்று புகுந்தால் ஈரமும் கூடவே வரும். நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா அதைவிட எவ்வளவோ மேல். 3 அல்லது 4 லிட்டர் டப்பாவில் 25 ரொபஸ்டோ தாராளமாக அடங்கும். (ரொபஸ்டோ சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஆக 50 ரிங் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன்.) வாங்கியதும் உள்ளே ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தாள் நனைந்தால் அந்த டப்பா சமையலறைக்குப் போகட்டும். நனையாவிட்டால் கழுவி, இரண்டு நாள் திறந்தே காயவைத்து, பிளாஸ்டிக் வாடை போன பிறகு பயன்படுத்துங்கள்.

உள்ளே அடியில் ஸ்பானிஷ் சிடார் பலகைத் துண்டு ஒன்று போடலாம். பெயரில் சிடார் இருந்தாலும் அது நம் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. காலி சுருட்டுப் பெட்டிகளைப் பிரித்தாலே கிடைக்கும். ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்துண்டைப் போட்டுவிடாதீர்கள், அதில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும்.

ஈரத்தைச் சீராக வைக்க போவேடா என்ற பிராண்ட் மாதிரியான ஈரப்பதப் பை போதும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று கணக்கு. உள்ளே இருப்பது உப்புக் கரைசல்: பெட்டியில் ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். கரையாத உப்பு மிச்சம் இருக்கும் வரைதான் பைமேல் போட்டிருக்கும் எண், அதாவது அது காக்கும் ஈரப்பத விழுக்காடு, நிலைக்கும். குளிர்நாட்டில் இந்தப் பை காய்ந்து கல்லாகிக் கெடுகிறது. இங்கே ஈரம் குடித்துக் குடித்து, உப்பு முழுதும் கரைந்து, தலையணை போல உப்பிக் கெடுகிறது. விரலால் அழுத்தினால் வெறும் தண்ணீர் போலத் தளும்புகிறதா? அது இனி உறிஞ்சாது, மாற்றிவிடுங்கள். 69 எண் பையை விட்டு 65 வாங்குங்கள். ஏர்கோனோ வைன் ஐஸ்பெட்டியோ இல்லாத வீட்டுக்கு 62.

டப்பாவுக்குள் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈரமானியோடு சேர்த்து ஸிப் பையில் மூடி ஒரு நாள் விட்டால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் இனி எப்போதும் 4 கழித்துப் படியுங்கள்.

அடுத்தது வண்டு. கொத்தமல்லித் தூள், மிளகாய்த் தூள் டப்பாவில் வருமே, 2–3 மில்லிமீட்டரில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்டு, அதேதான். புகையிலை வண்டு என்பது அதன் இன்னொரு பெயர். 30 டிகிரி சூடும் 70 விழுக்காடு ஈரமும் அதற்குச் சொர்க்கம், அதாவது நம் வீட்டு அலமாரி. முட்டை சுருட்டின் உள்ளிலையிலேயே வந்திருக்கும். பொரித்த புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகிக் குடைந்து வெளியே வரும்போது ஊசியால் குத்தியது போல ஓட்டையும் அடியில் நொய்யரிசி மாதிரித் தூளும் தெரியும். ஒன்றில் கண்டால் பெட்டி முழுவதையும் சந்தேகப்படுங்கள். சுருட்டு டப்பாவை மசாலாத் தட்டின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வண்டின் முட்டை சாக, புதிதாக வாங்கிய சுருட்டுகளை முதலில் உறைய வைத்துவிடுவது நல்லது. இரண்டு ஸிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள். பிரீசரில் 18 டிகிரி மைனஸில் ஐந்து நாள். மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள். பிறகு பையைத் திறக்காமல் அறையில் ஒரு நாள். இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

நிரந்தர இடத்துக்கு வருவோம். தகரக் கூரை வீட்டில் மேல் அலமாரி அடுப்பு போலக் காயும். வெயில் படாத உள்ளறையில், தரையை ஒட்டி, மீன் சந்தையில் பார்க்கும் வெள்ளை நுரைப் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி அதற்குள் டப்பாவை வையுங்கள். பகல் இரவு ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும். பணம் இருந்தால் சிறிய வைன் ஐஸ்பெட்டி வாங்கி 18 முதல் 20 டிகிரியில் வைத்து, டப்பாவை அப்படியே அதற்குள் வைப்பதுதான் சரியான தீர்வு. கம்ப்ரசர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரசர் இல்லாத மலிவு ரகம் நம் மத்தியான வெக்கையில் திணறும். சாப்பாட்டு ஐஸ்பெட்டி வேண்டாம், அதன் குளிரும் குழம்பு வாடையும் சுருட்டைக் கெடுக்கும். கேமரா உலர்பெட்டியில் வழக்கமாக வைக்கும் 40–50 விழுக்காடும் சுருட்டுக்கு மிக வறட்சி.

ஒரு எச்சரிக்கை: நம் ஊர்க் காற்று 24, 25 டிகிரியில் உள்ள பொருள்மேல் பட்டாலே வேர்க்கும். 18 டிகிரி டப்பாவை வெளியே எடுத்த கையோடு திறந்தால் சுருட்டின் மேல் பனி படியும். மூடியபடியே இரண்டு மணி நேரம் விடுங்கள். பெட்டிக்குக் காற்று காட்ட வேண்டுமென்றால் இரவில் ஏர்கோன் ஓடும் அறையில் திறங்கள்.

மேலே வெண்மை தெரிந்தால், "முதிர்ச்சியின் பூ" என்று யார் சொன்னாலும் பூஞ்சணமாகவே கருதுங்கள். மேலிலையில் மட்டும் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துத் தனி டப்பாவில் போடுங்கள். எரியும் முனையில் உள்ளிலைக்குள் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

பிடிக்கும் முன் விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். உள்வாங்கி மீண்டும் எழும்பினால் சரி. மெத்தென்று பள்ளமாக நின்றால் ஈரம் அதிகம்: இழுக்க வராது, அணைந்துகொண்டே இருக்கும், உள்ளிலை வீங்கி மேலிலை கிழியும். அதை 62 எண் பை உள்ள டப்பாவில் மூன்று வாரம் வையுங்கள். வாயில் வைக்கும் தலைப்பகுதியின் தொப்பியை (நுனியை மூடி ஒட்டிய இலைத்துண்டு) 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். தொப்பிக் கோட்டுக்குக் கீழே போனால் சுருள் பிரியும். தீ, முனையைத் தொடாமல் சுற்றிலும் வாட்ட வேண்டும், பெட்ரோல் லைட்டர் கூடாது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் கசக்கும். மழை நேரத்தில் கடை முன் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்தால் எரியும்போதே மேலிலை ஈரம் குடித்துப் பிளக்கும், அதனால் மழை விட்ட பிறகு பற்றவையுங்கள்.

புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. தினப் பழக்கமாக்காமல் எப்போதாவது என்று வைத்தால் அபாயம் குறையும், இல்லாமல் போகாது. பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டாம். உணவுக் கடைகளில் 2019 முதலே தடை, கோப்பிக்கடை மேசையில் இருந்து 3 மீட்டர் தள்ளித்தான். முடிந்ததும் நசுக்காமல் சாம்பல் தட்டில் விடுங்கள், தானே அணையும். நசுக்கினால் அந்த வாடை மறுநாள் வரை வீட்டை விடாது.